பேயால் என்ன முடியாது? ஒரு பேய் காமெடி தொடரின் முதல் எபிசோடைப் பற்றி

கேள்வி சுருக்கமாக இதுதான். அக்காவும் தம்பியும் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அங்கே ஏற்கெனவே ஐந்து பேய்கள் இருக்கின்றன. இதை வைத்து அரை மணி நேரக் காமெடி தொடர் ஒன்றுக்கு முதல் எபிசோட் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். யார் எப்படிச் செத்தார்கள், யாருக்கு என்ன சக்தி, வீட்டின் வரலாறு என்ன என்று சொல்லி முடிப்பதற்குள் 12 பக்கம் ஓடிவிடுகிறது, சிரிப்பே வரவில்லை என்கிறீர்கள். பார்த்துக் கற்றுக்கொள்ளும்படியான முதல் எபிசோட் எது, அதில் எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிபிசியின் 'கோஸ்ட்ஸ்' தொடரின் முதல் எபிசோடைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 15 அன்று ஒளிபரப்பானது. இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா, சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொண்டு. இரண்டாம் தடவை ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேயின் பெயருக்கு நேராகவும் 'இதால் என்ன முடியவில்லை' என்று எழுதிக்கொண்டே வாருங்கள். உங்கள் ஸ்கிரிப்டில் குறைவது எது என்று அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பதிலில் நான் சுற்றிச் சுற்றி வரப்போவது அந்தத் தாளைத்தான். பேய் காமெடியில் சிரிப்புக்கு ஊற்றுக்கண் பேயின் இயலாமை. சக்தியை மட்டும் காட்டினால் பயம் வரும், வியப்பு வரும், கிராஃபிக்ஸ் செலவு வரும். சிரிப்பு வராது. எதையும் தொட முடியாத ஒருவன் ஒரு விளக்கை அணைக்கப் படுகிற பாட்டில்தான் சிரிப்பு இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் எபிசோடின் திருப்பங்களும் இதில் வந்துவிடும், அதனால் பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது. அலிசன், மைக் என்று ஓர் இளம் தம்பதி. வசதி கிடையாது. வீடு தேடி அலைகிற நேரத்தில், பார்த்தே இராத ஒரு தூரத்து உறவுக்காரப் பாட்டி இறந்துபோய், அவருடைய பட்டன் ஹவுஸ் என்ற பெரிய மாளிகை அலிசனுக்கு வந்து சேர்கிறது. கூரை ஒழுகுகிற, சுவர் உதிர்கிற மாளிகை. அதைச் சரிசெய்து ஹோட்டல் ஆக்கிவிடலாம் என்று இருவரும் கனவு காண்கிறார்கள். அந்த வீட்டில் வெவ்வேறு நூற்றாண்டுகளில் செத்துப்போன பேய்க்கூட்டம் ஒன்று ஏற்கெனவே குடியிருக்கிறது. அவர்களுக்கு ஹோட்டலும் பிடிக்கவில்லை, புதிதாக வந்தவர்களையும் பிடிக்கவில்லை. விரட்டுவது என்று முடிவெடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு தகவல். படப்பிடிப்பு நடந்தது இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இருக்கிற வெஸ்ட் ஹார்ஸ்லி பிளேஸ் என்ற உண்மையான பழைய மாளிகையில். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வினாடி வினா நடத்திப் புகழ்பெற்ற பேம்பர் கேஸ்காய்னுக்கு 2014-ல் அவருடைய பெரிய அத்தை முறை உறவினர் ஒருவர் இறந்தபோது, கொஞ்சமும் எதிர்பாராமல் வந்து சேர்ந்த வீடு அது. அதுவும் சிதைந்த நிலையில்தான் இருந்தது. தொடரின் கதையும் அந்த வீட்டின் கதையும் இப்படி ஒத்துப்போவதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. திரையில் தெரிகிற அந்தப் பழைய சுவருக்கு ஒரு கனம் இருக்கிறது. செட்டுக்கு அது வராது.

சரி, எபிசோடுக்கு வருவோம். ஆரம்பமே மரணப்படுக்கை. வயதான ஹெதர் பட்டன் படுத்திருக்கிறார். சுற்றிலும் பேய்கள் நிற்கின்றன. ஒருத்தி பழைய காலத்துப் பெரிய இடத்துச் சீமாட்டி. ஒருவர் ராணுவ உடையில். ஒருவன் குகை மனிதன். ஒருவர் கழுத்தில் அம்பு குத்தியபடியே நிற்கிறார். இன்னொருவர் மேலே கோட்டும் டையும், கீழே கால்சட்டை இல்லை. யாரும் யாரையும் அறிமுகப்படுத்துவதில்லை. நான் இன்னார், இந்த வருடம் இப்படிச் செத்தேன் என்று எவரும் வாய்திறப்பதில்லை. அவர்கள் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பாட்டி உயிர் பிரிகிறது. தங்களோடு வந்து சேர்ந்துகொள்வார் என்று எதிர்பார்க்கிறார்கள். அவரோ ஒளியோடு ஒளியாக மேலே போய்விடுகிறார். இவர்கள் கீழேயே நிற்கிறார்கள்.

இந்த ஒரு சீனில் எத்தனை விஷயம் வந்துவிட்டது என்று எண்ணிப் பாருங்கள். செத்தவர்கள் எல்லாரும் பேயாகத் தங்குவதில்லை. சிலர் போய்விடுகிறார்கள். யார் போவார்கள், யார் தங்குவார்கள் என்பது இவர்கள் கையில் இல்லை. இவர்கள் நெடுங்காலமாக ஒன்றாக இருக்கிறார்கள். செத்தபோது என்ன உடையில் இருந்தார்களோ அதே உடையில்தான் என்றென்றைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக ஒரு முகம் வராதா என்று ஏங்குகிறார்கள். உங்கள் ஸ்கிரிப்டில் 12 பக்கம் எடுத்துக்கொள்கிற விஷயங்களில் முக்கால்வாசி இது. இங்கே ஒரு கட்டிலைச் சுற்றி முடிந்துவிட்டது.

அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறு. பாட்டி மேலே போன பிறகு அந்தக் கூட்டம் நிற்கிற நிலை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே சின்னதாக ஒரு முள் தைக்கிறது. யாரோ ஒருவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது, நமக்குக் கிடைக்கவில்லை. இந்த வலி முதல் சில நிமிடங்களிலேயே விதைக்கப்படுவதால்தான் தொடரின் பிற்பகுதியில், நான்காவது சீசனில் மேரி என்ற பேய் போகும்போது பார்ப்பவர்கள் கலங்கினார்கள். மூன்று வருடம் கழித்து வருகிற கண்ணீருக்கு முதல் எபிசோடின் முதல் சீனிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். காமெடி எழுதுகிறோம் என்பதற்காகச் சாவை வெறும் விளையாட்டுப் பொருளாக ஆக்கிவிடாதீர்கள். முதல் எபிசோடில் ஒரே ஒரு கணமாவது சாவு சாவாக இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த விரட்டும் முயற்சிகள். இங்கேதான் உங்கள் தாளும் பேனாவும் வேலை செய்ய வேண்டும். இந்தப் பேய்களை உயிரோடிருப்பவர்கள் பார்க்க முடியாது, கேட்க முடியாது. இவர்களால் பொருள்களைத் தொட முடியாது. வீட்டின் எல்லையைத் தாண்ட முடியாது. சிலருக்கு மட்டும் ஒரு சின்னத் திறமை இருக்கிறது, அதுவும் எப்படிப்பட்டது? குகை மனிதன் ராபினால் மின்விளக்கை மினுக்கி மினுக்கி எரியவைக்க முடியும். சூனியக்காரி என்று சொல்லி எரிக்கப்பட்ட மேரியின் ஊடாக யாராவது நடந்துபோனால் அவர்களுக்குக் கருகல் வாடை அடிக்கும். கால்சட்டை இல்லாத அரசியல்வாதி ஜூலியனால், மூச்சைப் பிடித்து முழு பலத்தையும் ஒரு விரலில் திரட்டினால், சின்னப் பொருளைக் கொஞ்சம் நகர்த்த முடியும். மற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது.

ஜூலியனாக நடிக்கும் சைமன் ஃபார்னபி அந்த விரலை நீட்டுவதைக் கவனித்துப் பாருங்கள். தோள் இறுகுகிறது, முகம் கோணுகிறது, மலையைப் பெயர்ப்பவன் போல உடம்பு முழுவதும் முறுக்கிக்கொள்கிறது. அந்த முனைப்புக்குப் பலன் ஒரு சின்ன அசைவு. உயிரோடிருப்பவர்களுக்கு அது காற்றில் ஆடியது போலத்தான் தெரியும். பேய்ப் படங்களில் கதவு படாரென்று அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை அப்படியே கவிழ்த்துப் போடுகிறது இது. பேய்தான் பாவம் என்று ஆகிவிடுகிறது. பேயைப் பார்த்து உச்சுக் கொட்டுகிற இடத்துக்குப் பார்வையாளரைக் கொண்டுவந்துவிட்டால் காமெடியில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இன்னொன்று, அந்த விளக்கும் வாடையும் இடிந்துபோகும் நிலையில் இருக்கிற வீட்டில் நடக்கின்றன. பழைய ஒயரிங் உள்ள வீட்டில் விளக்கு மினுக்கினால் யார் பேய் என்று நினைப்பார்கள்? பேயின் அதிகபட்ச சாகசம், வீட்டின் சாதாரணப் பழுதோடு கலந்து காணாமல் போய்விடுகிறது. கதை நடக்கும் இடத்தையும் பேயின் திறமையையும் இப்படிப் பொருத்தியதை நான் மிகவும் மெச்சுகிறேன். உங்கள் வீடும் பழைய வீடு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழமை வெறும் பின்னணியாக நிற்கிறதா, பேய்களோடு மல்லுக்கு நிற்கிறதா என்று பாருங்கள்.

முயற்சி எல்லாம் வீணாகிறது. கடைசியில் மேல்மாடி ஜன்னல் அருகே நிற்கிற அலிசனை ஜூலியன் தள்ளிவிடுகிறார். அந்த ஒற்றை விரல் பலம்தான். அது வரைக்கும் நாம் பரிகாசமாகப் பார்த்த அதே பலம். அவள் கீழே விழுகிறாள். சில நிமிடங்கள் மருத்துவ ரீதியாக இறந்தே போகிறாள். பிழைத்து, இரண்டு வாரம் கோமாவில் இருந்துவிட்டுக் கண் விழிக்கிறாள். திரும்பி வரும்போது அவள் கண்ணுக்குப் பேய்கள் தெரிகின்றன.

திரைக்கதையாக இதைப் பிரித்துப் பாருங்கள். சின்னப் பொருளைத்தான் நகர்த்த முடியும் என்கிற விதி முதலில் ஒரு தகவலாக வருகிறது. பிறகு அதுவே தோல்வியாகவும் சிரிப்பாகவும் வருகிறது. மூன்றாம் தடவை வரும்போது அதே விதி கதையையே புரட்டிப் போடுகிறது. புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. மந்திரக் கல் இல்லை, சாபம் இல்லை, சாமியார் இல்லை. ஏற்கெனவே கையிலிருந்த பொருளை வைத்தே முடிச்சைப் போட்டுவிட்டார்கள். விரட்ட நினைத்துச் செய்த காரியத்தால் அவள் தங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்பது அவர்களுக்கும் திண்டாட்டம், அவளுக்கும் திண்டாட்டம்.

இந்தத் தொடரை அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சி மறுபடி எடுத்தபோது (2021 அக்டோபர் 7-ல் தொடங்கியது) இந்த இடத்தை மாற்றினார்கள். அங்கே ஜூலியனுக்கு நிகரான பேய் டிரெவர் ஒரு ஜாடியை நகர்த்துகிறான், நாயகி சாம் அதில் தடுக்கிப் படிக்கட்டில் உருண்டு விழுகிறாள். விளைவு ஒன்றுதான். ஆனால் ஒன்றில் பேய் கொலைக்குக் கிட்டத்தட்டப் போய்விட்டது, மற்றதில் விபத்து. அமெரிக்க வடிவம் மென்மையானது, பேய்களை உடனே பிடித்துப்போகும். எனக்குப் பிரிட்டிஷ் வடிவம்தான் மனதுக்கு நெருக்கம். தள்ளியவனும் விழுந்தவளும் அதே வீட்டில், அதே சாப்பாட்டு அறையில், தினமும் முகம் பார்த்து வாழ வேண்டும் என்கிற நிலைமையில் நிறைய கதை இருக்கிறது. உங்கள் தொடர் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இதமாக இருக்க வேண்டும் என்றால் விபத்துப் பக்கம் போங்கள். கொஞ்சம் கசப்பும் வேண்டும் என்றால் தள்ளிவிடுங்கள். இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதுவே தொடர் முழுவதற்கும் சுருதி. முதல் எபிசோடில் பிடித்த சுருதியை நான்காவது எபிசோடில் மாற்ற முடியாது.

நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், அலிசன் பேய்களைப் பார்ப்பது எபிசோடின் கடைசிப் பகுதியில்தான். அது வரை இரண்டு கதை தனித்தனியாக ஓடுகிறது. உயிரோடிருப்பவர்களின் கனவு ஒரு பக்கம், பேய்களின் பதற்றம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே அறையில் நடக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று தெரியாது. நமக்கு மட்டும் இரண்டும் தெரியும். நம்மை இப்படி ரகசியத்தில் பங்காளி ஆக்கிவிட்டால் பொறுமையாக உட்கார்ந்திருப்போம். உங்கள் ஸ்கிரிப்டில் மூன்றாவது பக்கத்திலேயே அக்கா பேயைப் பார்த்து அலறிவிடுகிறாள். அலறிய பிறகு விளக்கம் கேட்டுத்தானே ஆக வேண்டும்? விளக்கம் கேட்டால் பேய் பதில் சொல்லத்தானே வேண்டும்? உங்கள் 12 பக்கமும் அங்கேதான் பிறக்கிறது. அலறலைத் தள்ளிப்போடுங்கள், பாதி விளக்கம் தானாக உதிர்ந்துவிடும்.

பேய் தெரிந்துவிட்டால் ஓடிப்போக வேண்டியதுதானே என்ற கேள்வி எல்லாப் பேய்க் கதைக்கும் உண்டு. 'கோஸ்ட்ஸ்' அதற்குச் சொல்கிற பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். அலிசன் கோமாவில் கிடந்த நேரத்தில் மைக் வீட்டின் பேரில் பெரிய கடனை வாங்கிவிட்டான். இனி வீட்டை விட்டுப் போக முடியாது. பேய்களைச் சாவு கட்டிப்போட்டிருக்கிறது, தம்பதியைக் கடன் கட்டிப்போட்டிருக்கிறது. கடன் வாங்கி வீடு கட்டிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு எபிசோடுக்குள் இந்தப் பூட்டைப் போட்டுவிடுகிறார்கள், பிறகு வேறு வழியில்லாமல் ஒரு சமரசம். உங்கள் அக்கா தம்பி ஏன் அந்த வீட்டிலேயே இருக்கிறார்கள் என்பதற்கு 'எங்கள் தாத்தா வீடு, விட மனசில்லை' என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். மனசு நாளைக்கு மாறிவிடும். மாற முடியாத காரணம் ஒன்று வேண்டும்.

இப்போது பேய்களின் சாவுக் கதைகள். நீங்கள் ஐந்தையும் முதல் எபிசோடிலேயே சொல்லிவிடுகிறீர்கள். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கழுத்தில் அம்போடு நிற்கிற பேட், சாரணர் மாதிரியான இளைஞர் அமைப்பின் வழிகாட்டி. அம்பு தெரிகிறது, எப்படிக் குத்தியது என்ற கதை பிறகு வருகிறது. கவிஞன் தாமஸின் துப்பாக்கிச் சண்டைக் கதைக்கு இரண்டாவது சீசன் வரை காத்திருக்க வேண்டும். ராணுவக் கேப்டன் எப்படி இறந்தார் என்பதை 2023-ல் வந்த ஐந்தாவது சீசனில்தான் சொன்னார்கள். நான்கு வருடம் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். முதல் எபிசோட் கொடுத்தது ஒரு அடையாளம் மட்டும். அம்பு, சீருடை, இல்லாத கால்சட்டை. பார்க்கிறவர் மனதில் 'இது எப்படி?' என்று எழுகிற கேள்விதான் அடுத்த வாரம் அவரைத் திரும்பக் கூட்டிவரும். அதற்கு உடனே பதில் சொல்வது, விதை நெல்லை எடுத்துச் சோறு ஆக்குகிற மாதிரி.

இந்தப் பொறுமை அவர்களுக்கு வந்ததற்கு ஒரு காரணம், எழுதியவர்களே நடித்தார்கள். மேத்யூ பேய்ன்டன், சைமன் ஃபார்னபி, மார்த்தா ஹோவ்-டக்ளஸ், ஜிம் ஹோவிக், லாரன்ஸ் ரிக்கார்ட், பென் வில்பாண்ட் என்ற ஆறு பேர் சேர்ந்து உருவாக்கிய தொடர் இது. வரலாற்றைக் காமெடியாகச் சொல்கிற குழந்தைகள் நிகழ்ச்சியில் வருடக்கணக்கில் ஒன்றாக வேலை செய்தவர்கள். பேய்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவதிலும், பழைய சண்டையைப் பாதியிலிருந்து தொடர்வதிலும் அந்த நெடுநாள் பழக்கம் தெரியும். நூறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் எதையும் முதல்முறையாகச் சொல்ல மாட்டார்கள். 'உனக்குத் தெரியுமா, நான் செத்தது இந்தக் கிணற்றில்தான்' என்று உங்கள் பேய் இன்னொரு பேயிடம் சொல்கிறது. அதைக் கேட்கிற பேய் 'தெரியும், நாலாயிரம் தடவை சொல்லிவிட்டாய்' என்றுதான் சொல்லும். அந்தப் பதிலை எழுதிப் பாருங்கள். விளக்கமும் வந்துவிடும், சிரிப்பும் வந்துவிடும், இருவருக்குள்ள உறவும் வந்துவிடும்.

இயலாமைதான் ஊற்று என்றால், சர்வசக்தி படைத்த கேரக்டர் வருகிற தொடர்கள் எப்படி ஓடின என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1964 செப்டம்பர் 17-ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'பிவிட்ச்ட்' தொடரை எடுத்துக்கொள்வோம். நாயகி சமந்தா ஒரு சூனியக்காரி, மூக்கை லேசாக அசைத்தால் நினைத்தது நடக்கும். தான் யார் என்று கணவன் டேரினிடம் அவள் சொல்வது முதல் எபிசோடில், கல்யாணம் ஆன அன்றைக்கு. அவன் கேட்பது ஒன்றுதான், இனிமேல் மந்திரம் கூடாது. அந்த வாக்குறுதிதான் இயலாமை. அவளால் எல்லாம் முடியும், ஆனால் செய்யக் கூடாது. டேரினோ இந்த விஷயத்தை நண்பனிடம், டாக்டரிடம், மதுக்கடைக்காரரிடம் சொல்லிப் பார்க்கிறான். ஒருவரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அவனுக்கும் ஒரு 'முடியாது' வந்துவிட்டது. பிறகு டேரினின் பழைய காதலி ஒரு விருந்தில் சமந்தாவை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுகிறாள். சமந்தா எவ்வளவு நேரம் பொறுப்பாள் என்று நாம் காத்திருக்கிறோம். மூக்கு அசைகிற கணத்தில் நாமும் அவள் கட்சி. அந்த விருந்து சீனைத் தனியாக எடுத்துப் படிக்கலாம். அடக்கிவைத்த சக்தி எப்படிச் சிரிப்பாகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம் என்பிசியில் வந்த 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி'யில் விண்வெளி வீரர் ஒருவர் ஆளில்லாத தீவில் ஒரு புட்டியைக் கண்டெடுக்கிறார். உள்ளேயிருந்து வருகிற பெண் பூதம் முதலில் பாரசீக மொழியில் பேசுகிறது, அவருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. 'இவளுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கக் கூடாதா' என்று அவர் ஆசைப்பட்ட உடனே அவள் ஆங்கிலம் பேசத் தொடங்குகிறாள். ஆசைப்பட்டால் நடக்கும் என்கிற விதி நமக்கும் புரிந்துவிட்டது, ஒருவரும் விளக்கவில்லை. இந்தத் தொடருக்குத் தூண்டுதலாக இருந்த 'தி பிராஸ் பாட்டில்' என்ற 1964 படம்தான் நம்முடைய 'பட்டணத்தில் பூதம்' படத்துக்கும் மூலம். ஜீபூம்பா என்று நாம் சொல்லிச் சிரித்த பூதமும் ஜீனியும் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

விதியை வாய்விட்டு விளக்கியே தீர வேண்டும் என்றால் 'தி குட் பிளேஸ்' (2016) முதல் எபிசோடைப் பாருங்கள். செத்தவர்கள் போகிற நல்ல உலகத்தில் எலினோர் கண் விழிக்கிறாள். பூமியில் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் எப்படி மதிப்பெண் போடப்படுகிறது என்று ஒரு வரவேற்புக் கூட்டத்தில் படம் போட்டே விளக்குகிறார்கள். ஸ்கிரிப்டில் எழுதினால் வறட்சியாக இருக்க வேண்டிய சீன் அது. ஆனால் எலினோர் இங்கே தவறுதலாக வந்தவள். விளக்கத்தின் ஒவ்வொரு வரியும் அவளுக்கு எதிராகத்தான் போகிறது. விளக்கத்தைக் கேட்கிறவருக்கு அதனால் ஆபத்து இருந்தால் அது விளக்கமாகத் தெரியாது. அந்த உலகத்தில் கெட்ட வார்த்தை பேசவும் முடியாது, வாயைத் திறந்தால் வேறு வார்த்தையாக மாறி வருகிறது. பாருங்கள், அங்கேயும் ஒரு 'முடியாது'.

இனி உங்கள் ஸ்கிரிப்ட். நீங்கள் அனுப்பிய குறிப்பில் தையல்காரப் பாட்டி பேய் ஒன்று இருக்கிறது. அவளால் பறக்க முடியும், சுவர் வழியாகப் போக முடியும், கனவில் வர முடியும், பொருள்களை எறிய முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நூலை மட்டும் நகர்த்த முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் முடியாது.

முதல் சீன். தம்பி சட்டைப் பொத்தான் தைக்க உட்காருகிறான். ஊசிக் காதில் நூல் நுழையவில்லை. நுனியை எச்சில் தொட்டு முறுக்குகிறான், ஒரு கண்ணை மூடுகிறான், கை நடுங்குகிறது. பக்கத்தில் பாட்டி துடித்துக்கொண்டிருக்கிறாள், இப்படியா பிடிப்பார்கள் என்று. பொறுக்க முடியாமல் நூலைத் தொடுகிறாள், அது சரேலென்று நுழைந்துவிடுகிறது. தம்பி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, தன் பார்வை சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறான். விதி சொல்லியாயிற்று. நடுவில் ஒரு சீன்: வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று அக்கா பேசுவதைப் பாட்டி கேட்கிறாள். மறுநாள் காலை வீட்டை விலை பேச வருகிறவரைப் பார்க்கக் கிளம்பும் நேரத்தில், அக்காவின் புடவை முந்தானை மெத்தையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. அக்கா தம்பியைத் திட்டுகிறாள், தம்பி எலியைத் திட்டுகிறான்.

கடைசி சீன். இருவரும் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். பாட்டிக்கு வேறு வழி தெரியவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து திரைச்சீலையில் 'போகாதே' என்று தைக்கத் தொடங்குகிறாள். கையில் இருப்பது ஒரே ஒரு கண்டு நூல். மற்ற நான்கு பேய்களும் சுற்றி நின்று எழுத்து சரியில்லை, பெரிதாகப் போடு என்று யோசனை சொல்கிறார்கள். பெரிதாகப் போடுகிறாள். முதல் எழுத்து முடிந்ததும் நூல் தீர்ந்துவிடுகிறது. விடிகிறது. அக்கா திரைச்சீலையை விலக்க வருகிறாள், அதில் ஆளுயரத்துக்குச் சிவப்பு நூலில் ஒரே ஓர் எழுத்து: 'போ'.

எபிசோடை அங்கேயே வெட்டுங்கள். பேய் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, அது தன்னை விரட்டுகிறது என்று தப்பாகப் புரிந்துகொண்டாள். பாட்டிக்குத் திருத்தச் சொல்ல வாயில்லை, நூலும் இல்லை. இரண்டாவது எபிசோடுக்கு வேண்டியதெல்லாம் கையில் இருக்கிறது. பாட்டி எப்படிச் செத்தாள் என்று இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். கேட்டீர்களா அந்தக் கேள்வியை? பார்க்கிறவரும் கேட்க மாட்டார், அவர் கவலையெல்லாம் நூலைப் பற்றித்தான்.

எடுக்கிற வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேய் சுவர் வழியாகப் போவதை ஒவ்வொரு தடவையும் கிராஃபிக்ஸில் காட்ட வேண்டியிருந்தால் தயாரிப்பாளர் இரண்டாவது பக்கத்திலேயே ஸ்கிரிப்டை மூடி வைத்துவிடுவார். முதல் எபிசோடில் அப்படி இரண்டு ஷாட் போதும், பிறகு பேய் கதவு திறந்திருக்கும்போது உள்ளே வரட்டும். நூல் மாதிரியான திறமையை மறைவில் ஓர் ஆள் இழுத்தாலே எடுத்துவிடலாம். நான் ஒருமுறை எழுதிய ஒரு முதல் எபிசோடில் வெள்ளத்தில் மிதக்கிற பேய் வீடு வைத்திருந்தேன். படித்துப் பார்க்க உட்கார்ந்த அறையில் யாருமே சிரிக்கவில்லை, எல்லாரும் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று வலித்தது. ஆனால் மறுபடி எழுதியபோது தண்ணீர் முழுவதும் ஒரு சொட்டுகிற குழாயாகச் சுருங்கியது, சிரிப்பும் அங்கே வந்து சேர்ந்தது.

மற்ற நான்கு பேய்களுக்கும் இதே மாதிரி ஆளுக்கு ஒன்று, ஒன்றே ஒன்று, கண்டுபிடியுங்கள். அவர்கள் செய்த தொழிலிலிருந்து வரட்டும், அல்லது கடைசியாகத் தொட்ட பொருளிலிருந்து. நான்கு பேரில் ஒருவருக்காவது எந்தத் திறமையும் இல்லாமல் விட்டுவிடுங்கள், கூட்டத்தில் அதிகமாக அதிகாரம் செய்கிறவர் அவராக இருந்தால் இன்னும் நல்லது. கிணற்றுக் கதையை மூன்றாவது எபிசோடுக்கு எடுத்து வையுங்கள். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், அந்த 'போ' சீன் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.